பெயர்ப்பலகைக்கு நான்கு திருகாணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனையில் தொடங்கவில்லை. நியூ ஜெர்சியில் தொடங்கியது. நான் அங்கே போனதில்லை. கதை மட்டும் போயிருந்தது.

வாரப்பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "புலம்பெயர்ந்த இந்தியத் தம்பதி. பண்பாட்டு மோதல். அடையாளச் சிக்கல். ரெண்டாயிரம் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள தாங்க."

இருபத்தாறு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறவன் இதற்கு "ஓம்" என்றுதான் சொல்வான். தொடர்கதைக்காரனும் ஓட்டோக்காரனும் ஒன்று. போகச் சொன்ன இடத்துக்குப் போவோம்.

மூன்று தொடக்கம் எழுதினேன்:

(அ) ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலதி தன் தாலியைத் தடவிப் பார்த்தபடி

(ஆ) பனி. எங்கும் பனி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சாம்பார் வாசனைக்கு மூக்கைச் சுளித்த அந்தக் கணத்தில்

(இ) விமான நிலையத்தில் மாமியாரின் பெட்டியைத் திறந்த அதிகாரி ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிப் பிடிக்க, வெளியே பனி

மூன்றிலும் பனி வந்துவிட்டது. நான் பனியைக் கண்டதில்லை. ஆகவே ஃபிரிட்ஜின் மேல் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எழுத்தாளனுக்குரிய கவனத்தோடு நின்றேன். மனைவி நஜ்லா பின்னால் வந்தாள்.

"இஞ்ச, என்னத்தத் தேடுறீங்க? மீனா?"

"பனி" என்றேன். "அமெரிக்காக் கதை ஒண்டு. இந்தியாக்காரர் அங்க போய்க் குடியேறிக் கஷ்டப்படுறது."

அவள் தாளை எடுத்து மூன்று தொடக்கத்தையும் வாசித்தாள். மீனை வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"இந்தியாக்காரன் வேணும் எண்டா என்னத்துக்கு அமெரிக்காவுக்குப் போறீங்க? மூணாவது வூட்ட ஒருத்தர் இரிக்காரே. அவர் படுற பாடு காணாதா?"

உண்மைதான். எங்கள் தெருவிலிருந்து கட்டாருக்குப் போனவர், லண்டனுக்குப் போனவர், கனடாவில் காணாமல் போனவர் எல்லாரையும் எனக்கு விரலில் எண்ணத் தெரியும். ஒருவர் கடல் கடந்து இங்கே வந்து குடியேறியிருக்கிறார் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. இங்கே யார் வருவார் என்ற நினைப்புத்தான்.

2

அவன் பெயர் செய்யது மசூது. ஊர் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். வயது முப்பத்து நான்கு. தொழில், ஏசியும் ஃபிரிட்ஜும் திருத்துவது. (ஆக எனக்குத் தேவையான பனியும் அவனிடமே இருந்திருக்கிறது.)

டோஹாவில் ஒரு பல் வைத்தியசாலையின் ஏசி, வரவேற்பு மேசையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அந்த மேசையில் இருந்தவள் கல்முனை ஸுஹைறா. மசூது மூன்று தரம் வந்து திருத்தினான். மூன்றாம் தரம் ஏசியில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு நிக்காஹ். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் டோஹா வேலையை விட்டுக் கல்முனைக்கு வந்து, இங்கே வேறு வேலை தேடிக்கொண்டார்கள். ஏன் கல்முனைக்கு? இங்கே ஸுஹைறாவுக்கு வீடு இருந்தது. மேலப்பாளையத்தில் மசூதுக்கு இருந்தது அண்ணன் குடும்பத்தோடு பங்குபோடும் ஓர் அறை.

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த அன்றே வாப்பா சீமெந்து விலையை விசாரிக்கத் தொடங்குவார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியேறுவார். பள்ளிவாசலில், கடையில், அரசியலில் எங்கள் ஆண்கள் சுல்தான்கள். வீட்டில் நீண்டகால விருந்தாளிகள்.*

மேலப்பாளையத்தில் இது தலைகீழ். பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். மனைவி வீட்டில் போய்த் தங்குகிறவனுக்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஒரு பட்டம் உண்டு. அவன் தெருவில் நடந்தால் டீக்கடையில் சிரிப்பு நிச்சயம். கல்முனையில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. மீனைப் பார்த்துத் 'தண்ணியோட மீன்' என்று யாராவது சொல்வார்களா?

மசூதுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கடையில் "ஓம் மச்சான், கொம்ப்ரசர் போயிட்டு, பின்னேரம் வாறன்" என்பான். உம்மாவின் அழைப்பு வந்த அதே வினாடி "ஆமாம்மா, சொல்லுதேன்" என்று மாறுவான். "உம்மாட கோல் வந்தா உங்கட நாக்கு பிளேன் ஏறுது" என்று ஸுஹைறா சிரிப்பாள்.

ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதுவும் முழுப் பொய் இல்லை. வந்த புதிதில் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டி "நம்ம வீடும்மா" என்றான். உம்மா மைதீன் பாத்து அதை 'என் மகன் கட்டிய வீடு' என்று எடுத்துக்கொண்டார். மகன் திருத்தவில்லை. மேலப்பாளையத்தில் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாகிவிட்டது. கல்முனையில் அது ஒரு தட்டு வீடு. மேலப்பாளையத்தில் இரண்டு வருடத்தில் அதற்கு மாடியும் ஏறிவிட்டது.

* இந்த இடத்தில் நஜ்லா எழுதச் சொன்னது: "எங்கட ஊரப் பொம்புளைகள்ட சொர்க்கம் மாதிரி எழுதாதீங்க. ஒரு வூட்டுக்கு மேல கட்ட ஏலாத வாப்பாட மத்தப் புள்ளைகள் என்ன செய்யிற? எங்கட தங்கச்சி நாப்பத்தொரு வயசில இன்னும் கலியாணமாகாம கொமராத்தான் இரிக்காள். அதையும் போடுங்க." போட்டுவிட்டேன். ஆசிரியர் வெட்டினால் நான் பொறுப்பல்ல.

3

மைதீன் பாத்து ஒருநாள் அழைத்துச் சொன்னார்: "ஏல, டிக்கெட் போட்டாச்சு. பதினஞ்சு நாளு ஒன் வீட்டுல இருக்கப் போறேன்."

மசூதுக்குத் தலை சுற்றியது. (இந்த வரியை அடித்துவிட்டேன். என் தொடர்கதைகளில் மூன்றாம் அத்தியாயத்தில் எல்லாருக்கும் தலை சுற்றும். இவனுக்கு வேண்டாம்.)

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவன் டோஹாவில் பதினெட்டாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கி ஏசி திருத்தியவன். இவனுக்கு உம்மாவிடம் "இது ஸுஹைறாவின் வீடு" என்று ஒரு வாக்கியம் சொல்லத் துணிவு இருக்காதா? வாசகர் நம்புவாரா? நம்புங்கள். எனக்கு ஆண்களைத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான்.

அவன் நேரே நளீரின் பெயர்ப்பலகைக் கடைக்குப் போனான்.

"என்ன எழுதோணும் மச்சான்?"

"மசூது இல்லம்."

நளீர் பென்சிலைக் காதில் செருகினான். "எந்த வூட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

"ஸுஹைறாட வூட்டுக்கா?"

"அதேதான்."

"அப்ப, வூடு உங்கட பேருக்கு மாறிட்டா?"

மசூது அது பகிடி என்று நினைத்தான். ஊரார் பகிடிக்குச் சிரிப்பது வெளியூர் மருமகனின் கடமை. சிரித்தான். அந்தச் சிரிப்பை நளீர் ஒரு சட்டத்தரணியின் (வக்கீலின்) முத்திரை போல வாங்கி வைத்துக்கொண்டான்.

எங்கள் தெருவில் வாசலில் பெயர் தொங்கினால், உள்ளே இருப்பவர் டாக்டராக இருக்க வேண்டும், அல்லது சட்டத்தரணியாக. இரண்டும் இல்லை என்றால் வீடு கைமாறியிருக்கிறது என்று பொருள். (என் வாசலிலும் ஒரு பலகை உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.) மசூதுக்கு இதை யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, ஸுஹைறா வேலைக்குப் போன பிறகு, கறுப்புப் பலகையில் தங்க எழுத்து, மூலைக்கு ஒன்றாக நான்கு திருகாணி போட்டு, கேற்றுத் தூணில் பூட்டினான். தள்ளி நின்று பார்த்தான். மேலப்பாளையத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

4

பின்னேர அஸர் தொழுகைக்குள் செய்தி கடற்கரை வரை போய்த் திரும்பிவிட்டது. ஸுஹைறா வேலை முடிந்து வந்தபோது வாசலில் பதினொரு சோடிச் செருப்பு. மௌத்து வீட்டில், சாவு விழுந்த வீட்டில்தான் இப்படிக் கிடக்கும். அவள் பதறி ஓடினாள். கூடத்தில் அவளுடைய உம்மாவின் தங்கை லைலா சாச்சி, முந்தானையை வாயில் பொத்தியபடி இருந்தார். மற்றப் பெண்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள்.

"சாச்சி, ஆருக்கு என்ன?"

"புள்ள, உறுதிய எங்க வெச்சிரிக்காய்? எடு, பாக்கோணும்."

"என்ன உறுதி?"

"வூட்டு உறுதி! உங்கட வாப்பா வரிப்பத்தான்சேனை வயல வித்துக் கட்டின வூடு. இந்தியாக்காரன் எழுதி வாங்கிட்டானாமே."

"ஆரு சொன்ன?"

"ஆரு சொல்லோணும்? கேற்றில தொங்குதுகா!"

ஸுஹைறா வெளியே போய்ப் பலகையை வாசித்தாள். திரும்பி வந்து, பதினொரு பேருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். அவள் பெயரைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் லைலா சாச்சி அழுகையை நிறுத்தினார். கொஞ்சம் ஏமாற்றத்தோடு நிறுத்தினார் என்று நஜ்லா சொல்கிறாள். அந்தப் பதினொரு சோடியில் ஒன்று நஜ்லாவுடையது.

எல்லாரும் போன பிறகு மசூது அறையிலிருந்து வெளியே வந்தான்.

"பதினஞ்சே நாளு ஸுஹைறா. உம்மா போனதும் கழட்டிருதேன்." பயத்தில் நாக்கு திருநெல்வேலிக்குப் போயிருந்தது.

"வாப்பா சவூதில இருந்து ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஒவ்வொரு அறையாக் கட்டின வூடு இது. அஞ்சு வயசில இருந்து நான் பாத்திட்டிரிக்கன். உங்களுக்கு ஒரு பலகைல முடிஞ்சிட்டு, என்ன?"

"எங்க ஊருல எனக்கு என்ன பேரு வைப்பாங்க தெரியுமா?"

"எங்கட ஊரில உங்களுக்கு என்ன பேர்? மாப்பிள. அது காணாதா?"

அவன் தலையைக் குனிந்தான். அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னாள்:

"சரி. பலகை இரிக்கட்டும். மாமி இரிக்கிற வரைக்கும் நான் வாய் துறக்க மாட்டன். ஆனா அவங்க போற அண்டைக்கு, வேனில ஏற முந்தி, நீங்க உங்கட வாயால சொல்லோணும், இது ஆருட வூடு எண்டு. சொல்லாட்டி அந்தப் பலகையயும் கழட்டிக்கிட்டு நீங்களும் மாமியோட போங்க. எந்த வூட்டில வேணும் எண்டாலும் பூட்டுங்க. அடுத்த மாசம் உங்கட விசாவுக்கு நான்தான் கடிதம் குடுக்கோணும். ஞாபகம் இரிக்கிதானே?"

அந்தக் கடிதம் வருடா வருடம் போவது. 'இவர் என் கணவர், என் வீட்டில் வசிக்கிறார்' என்று தொடங்கும்.

(இந்த இடத்தில் 'தொடரும்' போடும் பழக்கம் என் கையைப் பிடித்து இழுக்கிறது. உதறிவிட்டு மேலே எழுதுகிறேன்.)

5

மைதீன் பாத்து வந்து இறங்கினார். வேனிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பலகையைத் தடவி, அந்தக் கையை முத்தமிட்டார். "எழுத்து நல்லா பெருசா இருக்குல. தூரத்துலேயே தெரியும்."

அடுத்த நாள் சமையலறையில் அரிசி டின் இடம் மாறியது. அதற்கடுத்த நாள் பாத்திரத் தட்டு. "எம் மவன் வீட்டுல எனக்குக் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும்" என்றார். ஸுஹைறா ஒவ்வொரு நாளும் உப்பைத் தேடினாள்.

மூன்றாம் நாள் லைலா சாச்சி தேங்காய்ப்பால் வட்டிலப்ப இனிப்போடு வந்தார். ஸுஹைறா முன்கூட்டியே அவர் காலைப் பிடித்திருந்தாள், வாயைத் திறக்கக் கூடாது என்று. காலைப் பிடித்தால் வாய் அடங்குமா?

"வாங்க, உக்காருங்க. எம் மவன் வீடுன்னு கூச்சப்படாதீங்க" என்றார் மைதீன் பாத்து.

"எனக்கு என்ன கூச்சம் மதினி? இந்த வூட்டுக்குக் கூரை ஏறக்குள்ள வேலையாக்களுக்குச் சோறாக்கிப் போட்ட நான்தான்."

"அப்படியா! எம் மவன் அப்பவே ஒங்களையெல்லாம் வேலைக்கு வச்சிருந்தானா?"

லைலா சாச்சியின் மூக்கு விரிந்தது. மசூது பாய்ந்து நடுவில் வந்தான்.

"சாச்சி, ஏசி குளிர் கூடவா இருக்கு? குறைக்கவா?"

அந்தக் கூடத்தில் ஏசி இல்லை. ஊருக்கெல்லாம் ஏசி பூட்டுகிறவனின் வீட்டில் ஒரு மின்விசிறிதான் கறகறவென்று சுற்றுகிறது. இரண்டு பெண்களும் நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள். ஸுஹைறா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சிரிக்கப் போனாளா அழப் போனாளா என்று நான் கேட்டேன். "ரெண்டுக்கும் அங்கதான் போற" என்றாள் நஜ்லா.

6

பதினான்கு நாளும் போயின. மசூது சொல்ல முயன்றான் என்பதை அவனுக்காக நான் பதிவு செய்ய வேண்டும். கடற்கரைக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்தான். "ஐஸ்கிரீம் வேணுமாம்மா?" என்று வந்தது. ஜும்ஆ முடிந்து வந்து திறந்தான். "காத்து எப்படி அடிக்கி பாத்தீங்களா" என்று வந்தது.

இனி முடிவு. கையிருப்பில் இருப்பவற்றைக் கடை விரிக்கிறேன்.

முடிவு ஒன்று, ஆசிரியருக்குப் பிடித்தது. மைதீன் பாத்துவுக்கு உண்மை தெரிகிறது. கண்ணீர் பெருகுகிறது. "நாற்பது வருடம் புருசன் வீட்டில் வாழ்ந்தேன் மகளே, ஒரு சுவர்கூட என்னுடையது இல்லை" என்று மருமகளைக் கட்டிக்கொள்கிறார். எழுதி நஜ்லாவிடம் காட்டினேன். "அந்த மனிசி அழுற சாதியா? அரிசி டின்ன மாத்தின மனிசி" என்றாள். கிழித்தேன்.

முடிவு இரண்டு, எனக்குப் பழகியது. மைதீன் பாத்துவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி. கட்டிலருகில் அனைவரும் திருந்துகிறார்கள். இதுவரை பதினொரு மாமியார்களை நான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டாமவருக்குக் கட்டில் இல்லை.

முடிவு மூன்று, நடந்தது. ஸுஹைறா நஜ்லாவிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

பதினான்காம் நாள் பின்னேரம் மாமியும் மருமகளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மைதீன் பாத்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"மவளே, இந்த வீடு ஒன்னுதுதான?"

ஸுஹைறாவின் கை நின்றது. "ஆரு மாமி சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிலேன்னேன். 'ஸுஹைறா வரட்டும், கேட்டுட்டு அடிப்போம்'ங்கான். சொந்தச் செவத்துல ஆணி அடிக்க எந்த ஆம்பள பொஞ்சாதிட்ட கேக்கான்? ஊருல அவன் வாப்பா என்னக் கேக்காம அடிச்ச ஆணியில என் சேல எத்தன கிழிஞ்சிருக்கு தெரியுமா?"

(நான் பேனையைத் தயாராகப் பிடித்தேன். கண்ணீர் வரும் இடம் இது.)

"எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லிராத" என்றார் மைதீன் பாத்து. "நாளைக்கு அந்தப் பலகைக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுக்கணும். தெரு முழுக்க சொல்லி வச்சிருக்கேன். வீடு ஒன்னுது, நீயே வச்சுக்க. பலகை எனக்கு."

"போட்டோ எடுக்கலாம் மாமி. அவரு உங்களுக்கிட்ட உண்மையச் சொல்லோணும் எண்டு நான் ஒரே பிடியா நிக்கன்."

"அவன் சொல்லவே கூடாதும்மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, ஊருல போயி நான் எந்த மூஞ்சிய வச்சுப் பொய் சொல்ல? அவன் வாய்லேருந்து வராத வரைக்கும் அது பொய்யில்ல. எம் மவன் சொன்னது."

இரண்டு பேரும் மறுபடி கீரையை ஆய்ந்தார்கள்.

7

பதினைந்தாம் நாள் காலை. வேன் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. லைலா சாச்சி மசூதின் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றார். படம் எடுக்கச் சம்மதித்திருந்தார், ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்கச் சம்மதிக்கவில்லை.

மைதீன் பாத்து முக்காட்டைச் சரிசெய்து பலகைக்குக் கீழே நின்றார். மகனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். வீட்டிலிருந்து ஸுஹைறா வந்தாள். எதையோ மசூதின் கையில் வைத்தாள். ஒரு ஸ்குரூட்ரைவர்.

"ஏல, கையில என்னது? போட்டோல விழும், கீழ போடு."

"சொல்லுங்க" என்றாள் ஸுஹைறா.

"சிரில" என்றார் உம்மா.

மசூது ஸ்குரூட்ரைவரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். சொன்னால் உம்மாவுக்கு மேலப்பாளையம் போய்விடும். சிரித்தால் அவனுக்குக் கல்முனை போய்விடும். உம்மாவுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. வேன்காரன் ஹோர்ன் அடித்தான். மசூது வாயைத் திறந்தான்

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் உலை பொங்கியது, தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நஜ்லா ஓடி வந்துவிட்டாள். ஆகவே என் கதைக்கு இதற்கு மேல் சாட்சி இல்லை.

எழுந்து போய் மூன்றாவது வாசலைப் பார்த்தால் தெரிந்துவிடும், பலகை இருக்கிறதா இல்லையா என்று. போகலாம். போகவில்லை. வாசகரே, நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். திறந்த வாயிலிருந்து என்ன வந்தது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் என்று மட்டும் வைக்காதீர்கள், அவன் பாவம்.

நான் போகாததற்குக் காரணம் உண்டு. அங்கே போவதென்றால் என் கேற்றைத் தாண்ட வேண்டும். கேற்றுத் தூணில் என் பெயர் இருக்கிறது, அதற்கு முன்னால் 'எழுத்தாளர்', பின்னால் 'இல்லம்'. கல்யாணமாகி முதல் கதை அச்சில் வந்த வாரம் பூட்டியது. வீடு நஜ்லாவின் சீதனம். இந்தக் கதையை எழுதுகிற மேசை அவள் வாப்பா செய்வித்தது. இத்தனை காலத்தில் அவள் அந்தப் பலகையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததை நான் சம்மதம் என்று நினைத்திருந்தேன். தொடர்கதைக்காரன்தானே, பெண்கள் மனதை நன்றாக அறிந்தவன்.

சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "இஞ்ச, நம்மட வூட்டில ஸ்குரூட்ரைவர் இரிக்கா?"

"என்னத்துக்கு?"

"கதைக்கு."

அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல் தட்டில, இடப்பக்கம். இருபத்தாறு வரிசமா அங்கதான் இரிக்கி."